கிண்ணம் கடைய எது கைகொடுக்கும்: குழியுளியா, கார்பைடு முனையா?

மரம் கடையத் தொடங்குபவர்களை, கட்டையைச் சுழற்றும் லேத் எந்திரத்தைவிட அதிகம் குழப்புவது உளிதான். சாணை பிடித்துப் பயன்படுத்தும், முனை குழிவான எஃகுக் குழியுளியை வாங்குவதா, முனையை மட்டும் மாற்றிக்கொள்ளும் கார்பைடு கருவியை வாங்குவதா? கிண்ணம் கடைவதானால் என் ஓட்டு குழியுளிக்குத்தான். ஆனால் சாணை பிடிக்கப் பொறுமை இல்லாதவர் கையில் அது வெறும் இரும்பு.

கார்பைடு கருவியின் அமைப்பு எளிது. கனத்த இரும்புத் தண்டின் நுனியில், எஃகைவிடக் கடினமான டங்ஸ்டன் கார்பைடு வில்லை ஒன்றைச் சிறு திருகு பிடித்திருக்கும். சதுர வில்லைக்கு நான்கு விளிம்புகள். ஒன்று மழுங்கினால் திருகைத் தளர்த்தி, அடுத்த விளிம்பைத் திருப்பிவைத்து வேலையைத் தொடரலாம். கருவியை உளித்தாங்கியின் மேல் மட்டமாக வைத்து, மரத்தின் மைய உயரத்தில் நேராகத் தள்ளினால் போதும். புதிதாக வருபவருக்கு இது பெரிய வரம். குழியுளி மரத்தில் கவ்விக்கொண்டு, கட்டை லேத்தின் பிடியிலிருந்து பிடுங்கிக்கொண்டு பறந்ததைப் பார்த்துப் பயந்து, இந்தக் கலையையே விட்டுப்போனவர்கள் உண்டு. அவர்களில் பலரைக் கார்பைடு காப்பாற்றியிருக்கும்.

சிக்கல் கிண்ணத்தின் உட்புறத்தில் தெரிகிறது. வழக்கமாகக் கிண்ணத்துக்கான கட்டையில் நார் குறுக்காக ஓடும். அது சுழலும்போது ஒவ்வொரு சுற்றிலும் எதிரெதிரான இரண்டு இடங்களில் நாரின் வெட்டுமுனைகள் கருவிக்கு எதிரே வருகின்றன. மட்டமாகச் சுரண்டும் கார்பைடு அந்த இடங்களில் நாரை அறுப்பதில்லை, பிய்க்கிறது. விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள்: மற்ற இடமெல்லாம் வழவழப்பாக இருக்க, அந்த இரண்டு திட்டுகள் மட்டும் விரலில் சொரசொரக்கும். அதைப் போக்க 80 நம்பர் முரட்டு உப்புத்தாளில் தொடங்க வேண்டும். தேய்க்கத் தேய்க்க மரத்தின் மென்மையான பகுதி குழிந்து வட்டம் கெடும். பட்டறை முழுக்கத் தூள் பறக்கும். முகமூடி அணிந்தாலும் அந்த நுண்தூள் நல்லதல்ல. வட்ட வில்லையைச் சாய்த்துப் பிடித்து இழைத்தால் ஓரளவு சீராகும், அவ்வளவே.

குழியுளி வேலை செய்யும் விதமே வேறு. பிடியைத் தாழ்த்தி, முனைக்குப் பின்னுள்ள சரிவுப் பட்டையை முதலில் மரத்தில் உரசவிட வேண்டும். பிறகு பிடியை மெல்ல உயர்த்தினால் ஒரு கட்டத்தில் விளிம்பு வெட்டத் தொடங்கும். ஓசை மாறும், தூள் நின்று, நீளச் சுருள்கள் தோளுக்கு மேல் பறக்கும். பச்சைப் பூவரசில் இதை ஒருமுறை அனுபவித்தவர் சுரண்டும் கருவிக்கு மனமுவந்து திரும்பமாட்டார். இறுதி வெட்டு சரியாக அமைந்தால் உப்புத்தாளை அதைவிட நைசான 180-இல் தொடங்கலாம். அரை மணி வேலையும் அதற்கான தூளும் மிச்சம்.

இதற்கெல்லாம் விலை, சாணை. உளிக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியைக்கூடச் சாணைக்கு நாம் கொடுப்பதில்லை என்பது என் ஆதங்கம். கடைகளில் எளிதில் கிடைக்கும் சாணை எந்திரங்களில் பல நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,800 சுற்று ஓடுபவை. அதில் பாதி வேகத்தில் ஓடுவது கிடைத்தால் விடாதீர்கள். கை பழக அவகாசம் தரும். உளியின் கோணத்தை ஒவ்வொரு முறையும் மாறாமல் வைத்துக்கொள்ளும் தாங்குசட்டமும் அவசியம். கிண்ண உளிக்கு, அதாவது கிண்ணம் கடையும் குழியுளிக்கு, 45 முதல் 55 பாகை வரை பொதுவாக ஒத்துவரும். பழைய கார்பன் எஃகு உளி, சாணையில் நீலம் பாய்ந்தால் பதம் போய்விடும். ஹைஸ்பீடு ஸ்டீல் அந்தச் சூட்டைத் தாங்கும் என்பதால், தொடங்குபவர் அதையே வாங்குவது நல்லது. சாணைக்கல்லில் வெள்ளை அலுமினியம் ஆக்சைடு கல்லே பெரும்பாலோருக்குப் போதும். மிகக் கடினமான போரான் நைட்ரைடு துகள் பதித்த சிபிஎன் சக்கரம் தேய்ந்து விட்டம் குறையாது, ஆனால் விலை மிக அதிகம். தினமும் கடைபவருக்கு மட்டுமே அது கட்டுப்படியாகும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கட்டையை முதலில் உருட்டி எடுக்கப் பயன்படும் அகலமான குழியுளியைக் கிண்ணத்துக்கு ஒருபோதும் எடுக்காதீர்கள். பலவற்றில் அதன் தண்டு, பிடிக்குள் நுழையும் இடத்தில் ஒடுங்கியிருக்கும். கவ்விக்கொண்டால் அங்கேயே முறியும். கிண்ண உளி உருண்டைத் தண்டில் செய்யப்படுவது அதனால்தான்.

கார்பைடு வெல்லும் இடங்களும் உண்டு. பேனா கடைபவர்கள் பயன்படுத்தும் ரெசின் கட்டைக்கு அதுவே வசதி. பனைமரத்தின் கருநார் எஃகு முனையைச் சீக்கிரம் மழுக்கிவிடும். அங்கே வடிவம் வரும்வரை கார்பைடால் கடைந்து, கடைசி ஒன்றிரண்டு வெட்டுக்கு மட்டும் அப்போதுதான் சாணை பிடித்த குழியுளியை எடுப்பேன்.

கையிலுள்ள தொகை இரண்டு வழிகளில் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், அரை அங்குலக் கிண்ண உளி ஒன்றும் நிதானமான வேகச் சாணையும் வாங்குங்கள். உளித் தொகுப்புப் பெட்டிகள் வேண்டாம். அவற்றில் பாதி உளிகள் பிடி அழுக்காகாமலே கிடக்கும்.