‘நல்லா கேட்குது’ என்று சொல்லி விற்கப்படும் பழைய ஹாம் ரேடியோ: வாங்கும் முன் இதைப் படியுங்கள்

ஹாம் ரேடியோ என்பது அரசு உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காகப் பேசும் ரேடியோ. அதற்காகப் போன வருடம் ஆவணியில் ஒரு பழைய ஜப்பானிய எச்எஃப் (சிற்றலை) டிரான்ஸ்சீவரை, அதாவது கேட்கவும் பேசவும் ஒரே பெட்டியாக இருக்கும் கருவியை, 38,000 ரூபாய்க்கு வாங்கினேன். 100 வாட் பவரில் அனுப்பும் என்று சொல்லி விற்றார். உண்மையில் அது தந்தது 9 வாட். அதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டரை மாதம் ஆனது. விற்றவர் இன்றும் பழைய ரேடியோக்களை வாங்கி விற்றுக்கொண்டுதான் இருக்கிறார். புகார் நிலுவையில் இருப்பதால் அவர் பெயரைப் போடவில்லை. என்னை ஏமாற்றிய விதத்தை மட்டும் ஒன்று விடாமல் எழுதுகிறேன். அந்த வித்தையை அவர் மட்டுமல்ல, ஸ்குரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்த யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

எனக்குப் பட்டுக்கோட்டைப் பக்கம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கமாகக் கரையேறியபோது எங்கள் ஊரில் தென்னைகளோடு செல்போன் டவர்களும் சாய்ந்தன. கரண்ட் இல்லை, போன் இல்லை. திருச்சியில் இருந்த என் தங்கைக்கு, நாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்று சொல்லவே நாலு நாள் ஆனது. 2004 சுனாமியின்போது போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் குழுவினர் ஹாம் ரேடியோ வழியாகத்தான் அந்தமானிலிருந்து செய்திகளை வெளியே அனுப்பினார்கள் என்று எப்போதோ படித்தது அந்த நாலு நாளும் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. அப்புறம் மோர்ஸ் தந்தி மொழி கற்றுக்கொண்டு, தேர்வு எழுதி, ஜெனரல் கிரேடு உரிமம் வாங்கினேன். ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் டிரான்ஸ்சீவர் சர்க்யூட்டை நானே பற்றவைத்து, ஐஆர்எஃப் 510 டிரான்சிஸ்டர் போட்டு, 6 வாட்டில் பேசிக்கொண்டிருந்தேன். அமைதியான நாளில் அது போதும். புயல் நாளில், இடிமின்னல் இரைச்சலுக்கு நடுவே கேட்கப்பட வேண்டுமென்றால் 100 வாட் வேண்டும், அதுவும் 12 வோல்ட் பேட்டரியில் ஓட வேண்டும். அதற்காகச் சேர்த்த பணம் இது.

விளம்பரத்தில் ‘ஃபுல் பவர், ஒரே கை உபயோகம்’ என்று இருந்தது. ஒரு வீடியோ அனுப்பினார். 40 மீட்டர் பேண்டில் (7 மெகாஹெர்ட்ஸ்) நாலைந்து பேர் பேசுவது மணி மாதிரி கேட்டது. பிறகு மைக்கைப் பிடித்து நீளமாக ஒரு விசில் அடித்தார். பவர் மீட்டர் 100 வரை ஏறி நின்றது. “தம்பி, இதுக்கு மேல என்ன வேணும்?” என்றார். என்னுடைய கால் சைன் (உரிமத்தோடு தரப்படும் அடையாளப் பெயர்) என்ன என்று அவர் கேட்கவில்லை. உரிமத்தின் நகலையும் கேட்கவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பணத்தை ஜிபேயில் வேறொருவர் பெயருக்குப் போடச் சொன்னார், போட்டேன்.

ரேடியோ வந்து சேர்ந்தது. கஜாவில் தப்பிப் பிழைத்த இரண்டு தென்னைகளுக்கு நடுவே 20 மீட்டர் நீளத்துக்கு டைபோல் என்னும் கம்பி ஆன்டெனா கட்டியிருக்கிறேன், 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு அதுதான் அளவு. அதில் மாட்டியதும் இலங்கை, கேரளா, ஆந்திரா எல்லாம் தெளிவாகக் கேட்டது. பேசினேன், பதிலும் வந்தது. ஒரு மாதம் சந்தோஷமாக ஓடியது.

மதுரையில் இருக்கும் நண்பர்தான் முதலில் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் கேட்டுக்கொண்டதால், பழைய பிட்எக்ஸையும் புதிதாக வாங்கியதையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பேசினேன். “ஓஎம் (ஹாம்கள் நண்பரை அழைக்கும் சொல்), ரெண்டுக்கும் பெரிய வித்தியாசமே தெரியலையே” என்றார். 6 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போனால் சிக்னலின் பலத்தைக் காட்டும் எஸ் மீட்டரில் இரண்டு படி ஏற வேண்டும். ஏறவில்லை.

ஒரு மாதமாக எனக்கு ஏன் தெரியவில்லை என்று கேட்பீர்கள். எஸ் மீட்டரில் ஒரு படி என்பது 6 டெசிபெல், அதாவது நாலு மடங்கு பவர். 100 வாட்டை நாலால் வகுத்தால் 25, இன்னொரு முறை வகுத்தால் 6 வாட்டுக்குச் சற்று மேல். ஆக 9 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் கேட்பவரின் மீட்டரில் இரண்டு படிகூட முழுதாக வித்தியாசம் வராது. பகலில், நல்ல வானிலையில், 200 கிலோமீட்டர் தூரத்தில் இருப்பவர் ‘ஃபைவ் நைன்’ (தெளிவு 5, பலம் 9) என்றே சொல்லிவிட்டுப் போய்விடுவார். பத்தில் ஒரு பங்கு பவர்கூட இல்லாத ரேடியோ, வேலை செய்வது போலவே தெரியும். விற்பவருக்கு இது நன்றாகத் தெரியும்.

விற்றவரிடம் கேட்டேன். “ஆன்டெனாவைப் பாருங்க தம்பி, எஸ்டபிள்யூஆர் ஏறியிருக்கும்” என்றார். இந்தப் பதில் முழுப் பொய்யாகத் தெரியாது, ஆபத்தே அதில்தான். ஆன்டெனா பொருந்தாமல் போனால் (எவ்வளவு பொருந்தவில்லை என்பதன் அளவுதான் எஸ்டபிள்யூஆர், 1 என்றால் கச்சிதம்) அனுப்பிய பவரில் ஒரு பகுதி ரேடியோவுக்கே திரும்பி வரும். அது, கடைசியாகப் பவரைக் கூட்டி அனுப்பும் ஃபைனல் டிரான்சிஸ்டர்களைப் பொசுக்கிவிடாமல் இருக்க, ரேடியோ தானாகவே பவரைக் குறைத்துக்கொள்ளும். பாடப்புத்தகத்திலும் இருக்கிற விஷயம் என்பதால் நம்பினேன். மரம் ஏறுகிறவரை மூன்று முறை கூப்பிட்டு, டைபோலை இறக்கி, ஒரு சாண் வெட்டி, திரும்ப ஏற்றினேன். 25 மீட்டர் புதுக் கோஆக்ஸ் கேபிள் வாங்கினேன். எஸ்டபிள்யூஆர் 1.2க்கு வந்தது. பவர் வரவில்லை.

கடைசியில் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு தஞ்சாவூரில் இருக்கும் ஒரு மூத்த ஹாமிடம் போனேன். நாற்பது வருட அனுபவம். என் ஆன்டெனாவைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. “முதல்ல ஆன்டெனாவைக் கணக்கிலிருந்தே எடுத்துடுவோம்” என்று ஒரு பெயின்ட் டப்பாவை எடுத்து வைத்தார். உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் ஆயில், அதில் 1 கிலோ ஓம், 5 வாட் மின்தடைகள் இருபது, இணையாகப் பற்றவைத்தது. மொத்தம் 50 ஓம். இதுதான் டம்மி லோடு. ரேடியோவுக்கு இது குறையே இல்லாத ஆன்டெனா மாதிரி. அலை வெளியே போகாமல் பவர் முழுவதும் சூடாகிவிடும். கம்பி சுற்றிய மின்தடை மட்டும் போடக் கூடாது, அது காயில் மாதிரி நடந்துகொள்ளும் என்றார்.

டப்பாவின் மேல் ஒரு டயோடு, ஒரு கெப்பாசிட்டர், அதோடு சாதாரண மல்டிமீட்டர். மோர்ஸ் கீயை அழுத்திப் பிடித்தேன். ரேடியோவின் மீட்டர் 100ஐத் தொட்டது. மல்டிமீட்டர் 30 வோல்ட் காட்டியது, அதுதான் அலையின் உச்சம். 50 ஓமில் அந்த உச்ச வோல்ட்டை அதே எண்ணால் பெருக்கி 100ஆல் வகுத்தால் வாட் வந்துவிடும். 30 முறை 30, 900. வகுத்தால் 9. உண்மையில் 100 வாட் என்றால் 100 வோல்ட் காட்டியிருக்க வேண்டும். 14 மெகாஹெர்ட்ஸில் பார்த்தோம், 3 வாட்தான்.

“பவர் சப்ளை எவ்வளவு ஆம்பியர் இழுக்குதுன்னு பார்த்தீங்களா?” என்றார். என் பவர் சப்ளையில் அம்மீட்டர் இருக்கிறது. இரண்டரை மாதத்தில் ஒரு முறைகூட அதைப் பார்க்கவில்லை. 100 வாட் தரும் ரேடியோ 13.8 வோல்ட்டில் சுமார் 20 ஆம்பியர் இழுக்கும். இது 6 இழுத்தது.

மூடியைக் கழற்றினோம். ஃபைனலில் இரண்டு டிரான்சிஸ்டர்கள், ஒன்று தள்ள ஒன்று இழுக்க, ஜோடியாக வேலை செய்ய வேண்டியவை. தோஷிபாவின் 2எஸ்சி2879, உற்பத்தி நின்று பல காலம் ஆகிவிட்டது. அதனால் சந்தையில் போலிகள் அதிகம். ஒன்று செத்தே போயிருந்தது. மற்றதன் மேல் அசிட்டோன் தொட்ட பஞ்சால் தேய்த்தார், எழுத்து கரைந்து பஞ்சோடு வந்தது. வேறு ஏதோ சின்ன டிரான்சிஸ்டரில் பெயரைச் சுரண்டிவிட்டு அச்சடித்திருக்கிறார்கள். (ஒரு எச்சரிக்கை: இந்த வகை டிரான்சிஸ்டரை உடைத்தோ உரசியோ பார்க்காதீர்கள். உள்ளே பெரிலியம் ஆக்சைடு இருக்கும், அந்தத் தூள் நுரையீரலுக்கு விஷம்.)

அதுவரைகூட, விற்றவரும் தெரியாமல் விற்றிருக்கலாம் என்று எனக்கு ஒரு எண்ணம் இருந்தது. பவர் மீட்டரைச் சரிசெய்யும் டிரிம்மரைப் பார்த்ததும் அது போய்விட்டது. 9 வாட் வந்தாலே முள் 100க்குப் போகும்படி அதைத் திருகி வைத்திருந்தார். வீடியோவில் நான் பார்த்த 100 அதுதான்.

இங்கே கொஞ்சம் நின்று, டிரான்ஸ்சீவர் எப்படி வேலை செய்கிறது என்று சொல்ல வேண்டும். ‘கேட்குதே, அப்ப நல்லாத்தானே இருக்கு’ என்று நானும் நம்பினேன். ஒரே பெட்டி, ஒரே ஆன்டெனா சாக்கெட் என்பதால் வரும் நம்பிக்கை அது. அலைவரிசையை நிர்ணயிக்கும் ஆசிலேட்டரும், குரலைத் தேவையான அகலத்துக்கு நறுக்கும் கிரிஸ்டல் ஃபில்டரும் பெரும்பாலான ரேடியோக்களில் இரண்டு வேலைக்கும் பொது. கேட்கும்போது அலை ஆன்டெனாவிலிருந்து உள்ளே வருகிறது. பிடிடியை (பேசுவதற்கான பொத்தானை) அழுத்தியதும் ரிலே ‘டிக்’ என்று மாறி, குரல் உள்ளேயிருந்து வெளியே போகிறது. நன்றாகக் கேட்கிறது என்றால் இந்தப் பொதுப் பகுதிகள் நன்றாக இருக்கின்றன, அவ்வளவுதான். மைக் ஆம்ப்ளிஃபையர், டிரைவர், ஃபைனல் இவற்றைப் பற்றி அது எதுவும் சொல்லாது. அளவையும் பாருங்கள். பலமான சிக்னல் என்று நாம் சொல்லும் எஸ் 9, ஆன்டெனா சாக்கெட்டில் 50 மைக்ரோவோல்ட். 100 வாட் அனுப்பும்போது அதே சாக்கெட்டில் 70 வோல்ட் (முன்பு சொன்ன 100 வோல்ட் உச்சம், இது அதன் ஆர்எம்எஸ் அளவு). 14 லட்சம் மடங்கு. சூடேறுவதும் தேய்வதும் எரிவதும் அனுப்பும் பாதியில்தான். பழைய ரேடியோவில் முதலில் போவதும் அதுதான், வீடியோவில் எளிதாக மறைக்கக் கூடியதும் அதுதான்.

திரும்ப விற்றவரிடம் பேசினேன். இந்த முறை “கூரியரில் அடிபட்டிருக்கும்” என்றார். கூரியரில் அடிபட்டால் டிரான்சிஸ்டரின் பெயர் மாறுமா என்று கேட்டேன். “பழைய சாமான், இருக்கிறபடி கொடுத்தேன்” என்றார். படங்களையும் அளவுகளையும் அனுப்பினேன். என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன், காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகவும் கொடுத்தேன். இதுவரை ஒரு ரூபாய் திரும்பவில்லை. வேறு பெயருக்குப் பணம் போட்டது எனக்கு எதிராகவே நிற்கிறது.

நேரில் போய் வாங்குங்கள். முடியாவிட்டால், அந்த ஊரில் இருக்கும் ஒரு ஹாமை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் யாரும் மறுக்க மாட்டார்கள். வீடியோதான் வழி என்றால், டம்மி லோடு, ரேடியோவுக்கு வெளியே தனி வாட் மீட்டர், பவர் சப்ளையின் ஆம்பியர், ரேடியோவின் முகப்பு நாலும் ஒரே ஃபிரேமுக்குள் தெரிய வேண்டும் என்று கேளுங்கள். விசிலை ஏற்காதீர்கள், சிடபிள்யூவில் (மோர்ஸ் அனுப்பும் முறையில்) கீயை அழுத்திப் பத்து நொடி பிடிக்கச் சொல்லுங்கள். 7 மெகாஹெர்ட்ஸில் மட்டும் காட்டினால் போதாது, 14, 21, 28 எல்லாவற்றிலும் வேண்டும். ஒவ்வொரு பேண்டுக்கும் உள்ளே தனி ஃபில்டரும் ரிலேயும் உண்டு, ஒன்று போயிருந்தாலும் மற்றதில் தெரியாது. மூடியைக் கழற்றி ஃபைனல் பக்கம் ஒரு படம் கேளுங்கள். ஸ்குரூத் தலைகள் தேய்ந்து, ஹீட் சிங்க் பேஸ்ட் வெள்ளையாகப் புதிதாக இருந்தால், எப்போது மாற்றினீர்கள், எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டாக வேண்டும். உண்மையான ஹாம் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். அவரே முதலில் உங்கள் கால் சைனைக் கேட்பார்.

உரிமம் இல்லாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. ‘லைசென்ஸே வேண்டாம், பத்து கிலோமீட்டர் பேசும்’ என்று ஆன்லைனில் வாக்கி டாக்கி விற்கிறார்கள். இந்தியாவில் உரிமம் இல்லாமல் இப்படிப் பயன்படுத்த விட்டிருப்பது 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை, குறைந்த பவரில் மட்டும். 136இலிருந்து 174 வரை எல்லாவற்றிலும் அனுப்பும் செட்டை வாங்கினால் பிரச்சினை உங்களுக்குத்தான். 2025இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இந்த விற்பனையைக் கட்டுப்படுத்த வழிகாட்டுதலே வெளியிட்டது.

என் ரேடியோவுக்கு, தஞ்சாவூர்க்காரர் தன்னிடம் இருந்த பழுதான ஒரு செட்டிலிருந்து அசல் ஜோடியை எடுத்துப் போட்டுக் கொடுத்தார், காசு வாங்க மறுத்துவிட்டார். டிரிம்மரையும் சரியான இடத்துக்குத் திருப்பினோம். இப்போது மல்டிமீட்டர் 92 வோல்ட் காட்டுகிறது, அதாவது 85 வாட்டுக்குக் கொஞ்சம் கீழே. ஐப்பசி மழைக்கு முன்னால் பேட்டரியில் போட்டுப் பார்த்துவிட்டேன், மதுரை நண்பருக்கு வித்தியாசம் தெரிந்தது.

தஞ்சாவூர்க்காரரிடம் பார்த்து நானும் ஒரு டம்மி லோடு செய்து வைத்திருக்கிறேன். மின்தடை, டப்பா, சாக்கெட் எல்லாம் சேர்த்து ஐந்நூறு ரூபாய்கூட ஆகவில்லை. டயோடு மட்டும் 200 வோல்ட்டுக்கு மேல் தாங்குவதாகப் பார்த்துப் போடுங்கள். பட்டுக்கோட்டை, பேராவூரணி, தஞ்சாவூர் பக்கம் யாராவது பழைய ரேடியோ வாங்கப் போவதாக இருந்தால் 40 மீட்டரில் கூப்பிட்டுச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் டப்பாவோடு நானே கூட வருகிறேன்.