நக்ஸோஸ்: கடலுக்கு நாலு மார்க், கிழங்குக்கு அஞ்சு

கிரேக்கத் தீவு என்றாலே எல்லோரும் சாந்தோரினி படத்தைத்தான் நீட்டுகிறார்கள். எங்கள் கவலை வேறு. நானும் வீட்டுக்காரரும் சைவம். மீனும் ஆட்டிறைச்சியுமாக இருக்கும் ஊரில் ஒரு வாரம் எதைத் தின்பது? விசாரித்ததில் நக்ஸோஸ் என்றார்கள். ஏதென்ஸ் பக்கத்துப் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து கப்பலில் ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல்.

சாந்தோரினியும் சேர்ந்த சிக்லாடிஸ் தீவுக்கூட்டத்திலேயே பெரியது. மலையும் தண்ணீரும் இருப்பதால் விவசாயம் உண்டு. இந்த ஊர் உருளைக்கிழங்குக்கு கிரேக்கம் முழுக்கப் பேர். ஆலிவ் எண்ணெயில் பொரித்து, மேலே உள்ளூர் கிராவியேரா சீஸைத் துருவிப் போட்டுத் தருகிறார்கள். பசும்பால் சீஸ், லேசான இனிப்பு. மூன்று நாள் ராத்திரி அதையே சாப்பிட்டோம், அலுக்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. 'நிஸ்தீசிமோ' என்றால் விரதச் சாப்பாடு, இறைச்சி, பால், முட்டை எதுவும் இருக்காது என்று தங்கிய விடுதியில் சொல்லிக்கொடுத்தார்கள். பெருமையாகப் போய்ச் சொன்னேன். கொண்டைக்கடலையோடு ஆக்டோபஸ் கால் ஒன்றும் வந்து உட்கார்ந்தது! சிவப்பு ரத்தமில்லாத கடலுயிர் அவர்கள் விரதத்தில் சேர்த்தியாம். 'ஹோர்தோஃபாகோஸ்' என்று சொல்லுங்கள், அதுதான் சைவம்.

கடற்கரைகளில் அயியோஸ் ப்ரோகோபியோஸில் தண்ணீர் கண்ணாடி. பிளாக்கா நீளமான மணல், கூட்டம் குறைவு. ஆனால் நாங்கள் போனது ஆகஸ்ட். 'மெல்தெமி' என்ற வடகாற்று மணலை வாரிக் காலில் அடித்தது. குடைக்கும் சாய்வு நாற்காலிக்கும் முன்வரிசை என்று ஓரிடத்தில் கூடுதல் வாடகை வேறு. துண்டு விரித்து உட்காருங்கள், போதும்.

துறைமுகத்தருகே போர்த்தாரா. கி.மு. 6ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கி முடிக்காமலே விட்ட கோயிலின் பளிங்கு வாசல் மட்டும் நிற்கிறது. சூரியன் இறங்கும்போது ஊரே அங்கே. கோயிலே இல்லாத நிலைவாசல் வழியாகக் கடலைப் பார்ப்பது என்னவோ செய்தது.

பஸ் பிடித்து ஹால்கி கிராமத்துக்கும் போனோம். நார்த்தை இனத்து மரத்தின் இலையிலிருந்து 'கித்ரோன்' என்ற மது வடிக்கிறார்கள். பச்சை இனிப்பு, மஞ்சள் காட்டம். நான் குடிப்பதில்லை, முகர்ந்து மட்டும் பார்த்தேன். பாட்டி இடிக்கும் வேப்பிலைக்கட்டியேதான். வீட்டுக்காரர் மஞ்சளில் ஒரு பாட்டில் வாங்கினார், தயிர்சாதம்தான் கிடைக்கவில்லை.