செல்போன் ஆப்பா, சுவர்க் காலண்டரா? ஓடியாடக் கிளம்பும் பிள்ளைக்கு எது கைகொடுக்கும்

எங்கள் வீடு தண்டையார்பேட்டையில், இரண்டாவது மாடி. போன ஜூனில் பள்ளி திறந்த வாரம், "இனிமே தினமும் உடம்பை அசைக்கப் போறேன்" என்று இரண்டு பேர் கிளம்பினார்கள். பத்தாவது படிக்கும் என் மகன் ஒருவன். அடுத்த தெருவில் இருக்கும் அக்கா மகள், எட்டாவது, இன்னொருத்தி. அவன் என் பழைய போனில் நடை எண்ணும் ஆப் ஒன்றை ஏற்றிக்கொண்டான். அவளுக்கென்று போன் கிடையாது. மளிகைக் கடையில் கொடுத்த மாதக் காலண்டரும், ஆணியில் நூல் கட்டித் தொங்கவிட்ட பேனாவும்தான். ஆறு மாதம் இரண்டையும் கூடவே இருந்து பார்த்திருக்கிறேன்.

எவ்வளவு அசைந்தால் போதும்? 5 முதல் 17 வயது வரை, நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு ஓடியாட வேண்டும், வாரத்தில் 3 நாளாவது தசையும் எலும்பும் உறுதியாகும் வேலை இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை, பிரித்துச் செய்யலாம். 2016 வரையிலான விவரங்களை வைத்து அந்த நிறுவனத்தார் 2019இல் வெளியிட்ட ஆய்வில், 11 முதல் 17 வயதுப் பள்ளிப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேர் இந்த அளவைத் தொடவில்லை. பெண் பிள்ளைகள் இன்னும் பின்னால். ஆசை இருந்தும் நான்காவது வாரம் விட்டுவிடும் பிள்ளைகளை நம் தெருவிலேயே பார்க்கிறோம். அதனால் எதை வைத்துக் கணக்குப் பார்ப்பது என்பது சின்ன விஷயமில்லை.

ஆப்பின் பலம், பிள்ளை எதுவும் செய்யாமலே எண்ணிக்கொடுப்பது. முதல் இரண்டு வாரம் மகன் சாப்பிட்டதும் தெருமுனை வரை போய் வந்தான். கடைக்குப் போகச் சொன்னால் முகம் சுளிக்கவில்லை. சிக்கல் ஃபுட்பாலில் வந்தது. சனி, ஞாயிறு அவன் வியாசர்பாடிக்கு விளையாடப் போவான். அங்கே ஃபுட்பால் என்றால் தெருவுக்குத் தெரு உயிர். ஒன்றரை மணி நேரம் ஓடி, சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் கொட்டும் நிலையில் வருவான். போனோ கோல்போஸ்ட் ஓரம் பையில் கிடந்திருக்கும். அன்றைக்கு ஆப் காட்டிய கணக்கு 1,800 காலடி. "போன பாக்கெட்ல வச்சிகினு எப்படிம்மா வெளாட்றது?" என்றான். நியாயமான கேள்வி. அதற்கப்புறம் ஒருநாள் ராத்திரி கட்டிலில் உட்கார்ந்து போனைக் கையில் குலுக்கிக்கொண்டிருந்தான், 10,000 ஆக்குவதற்கு. அந்தப் பத்தாயிரம், 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயர். 'பத்தாயிரம் காலடி மீட்டர்' என்பதுதான் அந்தப் பெயருக்குப் பொருள். வளரும் பிள்ளையின் உடம்பை ஆராய்ந்து சொன்ன அளவு இல்லை அது.

காலண்டரில் தானாக எதுவும் விழாது, அவள்தான் எழுத வேண்டும். ஸ்கிப்பிங் என்றால் கட்டத்தில் 'ஸ்', நடை என்றால் 'ந', மாடிப்படி என்றால் 'மா', பக்கத்தில் நிமிடம். இதோடு அவளே ஒரு விதி வைத்துக்கொண்டாள்: செய்யாத நாளின் கட்டத்தைக் காலியாக விடக்கூடாது, காரணத்தை எழுத வேண்டும். என் கண்ணுக்கு ஆப்பைக் காலண்டர் வென்றது இந்த இடத்தில்தான். செப்டம்பர் தாளில் 'டியூஷன்' இரண்டு, 'வயித்து வலி' இரண்டு, 'தண்ணி லாரி' ஆறு. லாரி ஆறும் செவ்வாய், வெள்ளி சாயங்காலம். அவள் ஸ்கிப்பிங் கயிற்றை எடுக்கும் நேரத்துக்கு லாரி வந்து நிற்கிறது. அடுத்த மாதத்திலிருந்து அந்த இரண்டு நாளும் காலை ஆறு மணிக்கு மாற்றிக்கொண்டாள். 'சோம்பேறி' என்று தன்னையே திட்டிக்கொண்டிருந்த பெண், தடை எங்கே இருக்கிறது என்று தானே கண்டுபிடித்தாள். ஆப் நாளின் எண்ணைச் சொன்னது, ஏன் குறைந்தது என்று மகனை ஒருநாளும் யோசிக்க வைக்கவில்லை.

"சித்தி, குடம் தூக்கினது கணக்குல வருமா?" என்று கேட்டாள். இரண்டு மாடி, எட்டு குடம். வராமல் எப்படி? அன்றிலிருந்து 'கு' என்றும் ஒரு எழுத்து சேர்ந்தது.

அக்டோபர் மழை இரண்டு பேரையும் சோதித்தது. மகனுக்குத் தொடர்ந்து 23 நாள் என்று காட்டிய ஆப், ஒரே ஒரு நாள் தவறியதும் பூஜ்யம் என்றது. அவன் இரண்டு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. இது அநியாயம் என்றே சொல்வேன். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு உண்டு. ஒரு பழக்கம் படிய 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆனது, நடுவில் ஒருநாள் தவறியதால் பெரிய பாதிப்பு இல்லை. அவர்கள் பெரியவர்கள்தான், இருந்தாலும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லத்தான் வேண்டும். அவளோ அக்டோபர் தாளின் மேலே எழுதி வைத்திருந்தாள்: 'மழை பெஞ்சா மாடிப்படி 10 தடவை.' 'இது நடந்தால் அது செய்வேன்' என்று முன்கூட்டியே முடிவு செய்வதைப் பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் நிறைய ஆராய்ந்திருக்கிறார். அவளுக்கு அவர் பெயர் தெரியாது. தெருவில் முழங்கால் தண்ணீர் நின்ற நாளிலும் 'மா' விழுந்தது.

காலண்டரிலும் குறை உண்டு. 20 நிமிடம் என்று எழுதலாம், ஆனால் அது ஆடி அசைந்து நடந்த 20 நிமிடமாக இருக்கும். அதற்கு ஒரு சுலபமான சோதனை: பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதமான உழைப்பு. நாலு வார்த்தைக்கு மேல் வரவில்லை என்றால் கடும் உழைப்பு. அவள் படியேறும்போது பாடிப் பார்க்கும் சத்தம் கீழ்வீடு வரை கேட்கும்.

மூன்றாவது வழி, பயிற்சியாளர். பாக்ஸிங்கும் ஃபுட்பாலும் ஊறிய வடசென்னையில் இதை மறக்க முடியாது. ஒரு விசில் சத்தத்துக்கு இருக்கும் வேகம் எந்த ஆப்பிலும் இல்லை. உங்கள் தெருப்பக்கம் நல்ல பயிற்சியாளர் இருந்தால், பெண் பிள்ளை இருட்டுவதற்குள் வீடு திரும்ப வழியும் இருந்தால், முதலில் அங்கே அனுப்புங்கள். ஆனால் பத்தாவது பரீட்சை வந்ததும் மைதானம் நிற்கும், விசிலும் நிற்கும். அப்போது பிள்ளை தானாக நேரம் ஒதுக்கத் தெரிந்திருக்க வேண்டும். அதனால் மைதானம் போகும் பிள்ளைக்கும் காலண்டர் வேண்டும்.

இலக்கு விஷயம் சுருக்கமாக: 'அஞ்சு கிலோ குறையணும்' என்பதைவிட 'வாரம் நாலு நாள் ஸ்கிப்பிங்' நல்லது. வளர்கிற வயதில் எடை ஏறத்தான் செய்யும், ஸ்கிப்பிங் அவள் கையில் இருக்கிறது.

மகன் டிசம்பரில் ஆப்பை நீக்கிவிட்டான். எங்கள் வீட்டுப் புதுக் காலண்டரில் இப்போது அவன் எழுத்தும் விழுகிறது. நேற்றைய கட்டத்தில் 'ஃபு 90'. அதற்கு முந்தைய நாள், 'ரிவிஷன் டெஸ்ட், படி 6 தடவை'.