"உலகத்திலேயே ஆறுதான் இருக்கு" என்று சொல்லி கேம் விற்க வந்தால் கவனம்

சீல் பிரிக்காத பழைய வீடியோ கேம்களை வாங்கி கிரேடிங்குக்கு (பெட்டியின் நிலையைப் பார்த்து, பத்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போட்டு, உறையில் அடைத்துத் தரும் நிறுவனத்துக்கு) அனுப்பலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு 480 டாலர் போனது. பணத்தைவிட, என்னை நம்பவைத்த விதம்தான் இன்னும் உறுத்துகிறது. விற்றவர் காட்டிய எண் உண்மையான எண். அதற்கு இல்லாத ஒரு அர்த்தத்தைச் சொல்லி என் தலையில் கட்டிவிட்டார்.

2023 கோடையில், நியூ ஜெர்சியில் நடந்த ஒரு பழைய கேம் சந்தைக்குப் போயிருந்தேன். ஒரு மேசையில் நின்டென்டோ 64 கேம் ஒன்று சீலோடு இருந்தது. 1998-ல் வந்த கார் பந்தய விளையாட்டு. பெயரைச் சொன்னால் விற்றவர் யார் என்று அந்த வட்டாரத்தில் தெரிந்துவிடும், அதனால் விட்டுவிடுகிறேன். விலை 340 டாலர் என்றார். ஈபேயில் இதே கேம் சீலோடு 120, 130-க்குப் போகிறதே என்று கேட்டேன். உடனே போனை எடுத்து என் பக்கம் திருப்பினார். ஒரு கிரேடிங் நிறுவனத்தின் பாப் ரிப்போர்ட். அந்த கேமுக்கு நேராக மொத்தம் 6 என்று இருந்தது. அதில் 9.4-க்கு மேல் வாங்கியது ஒன்றே ஒன்று.

"உலகத்திலேயே ஆறுதான் இருக்கு. இது எப்படியும் 9.6 வாங்கும். என்கிட்ட கொடுங்க, மத்ததோட சேர்த்து நானே அனுப்பிடறேன்" என்கிற மாதிரி பேசினார். அங்கேயே ஒப்புக்கொண்டேன். கட்டணமும் அவர் கமிஷனும் சேர்த்து 95 டாலர், போக வர அனுப்பும் செலவும் காப்பீடும் 45 டாலர்.

பாப் ரிப்போர்ட் என்பது அந்த நிறுவனம் இதுவரை கிரேடு செய்த பெட்டிகளின் எண்ணிக்கை, அவ்வளவுதான். எந்த கேம், எந்தப் பதிப்பு, எந்த கிரேடில் எத்தனை என்று இருக்கும். அலமாரியில் தூங்குவதும், பழைய கடைக் கிடங்கில் கிடப்பதும், வேறு கிரேடிங் நிறுவனத்துக்குப் போனதும் அதில் வராது. இதை எனக்குப் புரிந்துகொள்ளத் தெரியாமல் இல்லை. ஆனால் 6 என்ற எண்ணைக் கண்ணால் பார்த்தபோது மனம் அதை "உலகத்தில் 6" என்றே படித்துக்கொண்டது.

கொஞ்சம் நிதானமாக யோசித்திருந்தால் அந்த 6 எனக்கே பதில் சொல்லியிருக்கும். 120 டாலர் கேமை நூறு டாலருக்கு மேல் செலவழித்து யார் கிரேடிங்குக்கு அனுப்புவார்கள்? கையில் வைத்திருந்தவர்கள் எல்லோரும் கணக்குப் போட்டுப் பார்த்து, கட்டுபடியாகாது என்று விட்டிருக்கிறார்கள். அதனால்தான் எண்ணிக்கை அவ்வளவு குறைவு. மலிவான கேமுக்கு பாப் குறைவாக இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

இன்னொன்றையும் அவர் மறைத்தார். அந்த ரிப்போர்ட்டில் ஒரே கேம் பல வரிகளாகப் பிரிந்து கிடக்கும். நின்டென்டோ 64-ல் நன்றாக விற்ற கேம்களைப் பிறகு 'பிளேயர்ஸ் சாய்ஸ்' என்ற பட்டையோடு மறுபடி அச்சிட்டார்கள். அது தனி வரி. அதற்கு முந்தைய நின்டென்டோ கருவியான என்.இ.எஸ்.-இன் கேம்களில் இன்னும் நுணுக்கமாகப் போகும்: ஸ்டிக்கர் ஒட்டி மூடியதா, பிளாஸ்டிக் உறையா, பின்புறம் தொங்கவிடும் அட்டை வெட்டு உண்டா, தர முத்திரை வட்டமா நீள்வட்டமா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. 1985-ல் நியூயார்க்கில் முதலில் விற்ற ஸ்டிக்கர் சீல் சூப்பர் மாரியோ பிரதர்ஸுக்கு அந்த வித்தியாசம் மலையளவு. என் கார் பந்தய கேமுக்கு அந்த வித்தியாசத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை. அவர் காட்டியது இரண்டு வரிகளில் சின்ன வரியை.

ஐந்து மாதம் கழித்துப் பெட்டி வந்தது. பெட்டிக்கு 9.2, சீலுக்குத் தனியாக எழுத்தில் தரும் தரம் ஏ. அக்ரிலிக் உறைக்குள் அதை ட்யூப்லைட் கீழே சாய்த்துப் பார்த்தேன். வலது கீழ் மூலையில் அட்டை லேசாக நசுங்கி, வெள்ளை நார் தெரிந்தது. நகக்கண் அளவுகூட இருக்காது. பிளாஸ்டிக் உறை இறுகி இழுத்ததில் பெட்டியின் முகம் உள்வாங்கி வளைந்திருந்தது. நின்டென்டோ 64 பெட்டிகள் வெறும் அட்டை. பிளேஸ்டேஷன் 2 கேம்களின் பிளாஸ்டிக் டப்பா மாதிரி தாங்காது. மேசையில் வைத்திருந்தபோதும் அந்த மூலை அப்படித்தான் இருந்திருக்கும். 9.6 என்ற பேச்சில் நான் மூலையைப் பார்க்கவே இல்லை. அன்றைக்கு இரவு ரிப்போர்ட்டைத் திறந்தேன். 6 இருந்த இடத்தில் 19.

எனக்கு வந்த அதிகபட்ச விலை 175 டாலர். ஈபேயில் விற்றால் அதிலும் 13 சதவீதம் போலக் கழியும்.

19 எப்படி ஆனது என்பது அடுத்த வருடம் தெரிந்தது. வேறொரு சந்தையில் அதே மனிதர். மேசைக்கு அடியில் ஒரு பழுப்பு அட்டைப்பெட்டி பாதி திறந்திருந்தது. உள்ளே அதே கேம், முதுகுகள் மேலே தெரிய வரிசையாக. கடைக்குப் போகாமல் நின்றுபோன பெட்டி எங்கிருந்தோ அவருக்குக் கிடைத்திருக்கிறது. அது தவறே இல்லை, சேகரிப்பு உலகில் அப்படி அடிக்கடி நடக்கும். ஆனால் கையில் ஒரு பெட்டி நிறைய வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக கிரேடிங்குக்கு அனுப்பிக்கொண்டு, உலகத்திலேயே ஆறு என்று சொன்னாரே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. கிரேடிங் நிறுவனத்தின் மேல் எனக்குக் குறை கிடையாது. அவர்கள் பெட்டியைப் பார்த்துச் சரியான மதிப்பெண்தான் கொடுத்தார்கள்.

உண்மையான அரிது எப்படி இருக்கும் என்றால், 1990 நின்டென்டோ வேர்ல்ட் சாம்பியன்ஷிப்ஸ் கார்ட்ரிட்ஜ். இறுதிச்சுற்றுப் போட்டியாளர்களுக்குக் கொடுத்த சாம்பல் நிறம் 90, பத்திரிகைப் போட்டிக்கான தங்க நிறம் 26. வெளியே கொடுத்ததே அவ்வளவுதான். பண்டாய் 1987-ல் வெளியிட்ட ஸ்டேடியம் ஈவென்ட்ஸ் இன்னொன்று. அதை விளையாட மிதிக்கும் கால் விரிப்பின் உரிமையை நின்டென்டோ வாங்கி வேறு பெயரில் கொண்டுவந்ததால் பழைய பெட்டிகள் கடையிலிருந்து மறைந்தன. இவற்றில் எண்ணிக்கை குறைந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதை யாரும் சரிபார்க்கலாம். மறுபக்கம், 2021 ஜூலையில் ஹெரிடேஜ் ஏலத்தில் 15.6 லட்சம் டாலருக்குப் போன சூப்பர் மாரியோ 64-ஐப் பாருங்கள். உலகமெங்கும் ஒரு கோடிக்கு மேல் விற்ற கேம் அது. 9.8, ஏ++ என்ற நிலையில் கிடைப்பதுதான் அரிது. கூடவே அதை வாங்கத் துடிக்கும் கூட்டம் இருந்தது. என் கேமைத் தேடி வருபவர்களே விரல்விட்டு எண்ணும் அளவுதான். அப்புறம் எண்ணிக்கை ஆறாக இருந்தால் என்ன, அறுபதாக இருந்தால் என்ன?

இப்போது யாராவது பாப் ரிப்போர்ட்டைக் காட்டினால், முதலில் அந்த கேமின் எல்லா வரிகளையும் கூட்டிவிடுகிறேன். மூன்று மாதம் முன்பு எத்தனை இருந்தது என்று கேட்கிறேன். ஏறுகிற வேகம் மொத்தத்தைவிட முக்கியம். சிலர் கிரேடு பிடிக்காமல் உறையை உடைத்து மறுபடி அனுப்புவார்கள், அதனால் ஒரே பெட்டி இரண்டு தடவை எண்ணப்பட்டிருக்கவும் கூடும். அப்புறம் ஈபேயில் கேட்கும் விலையை விட்டுவிட்டு, விற்று முடிந்தவற்றை மட்டும் வடிகட்டிப் பார்க்கிறேன். கடந்த ஒரு வருடத்தில் கிரேடு செய்தது ஒன்றுகூட விற்கவில்லை என்றால், பாப் ஒன்றாக இருந்தாலும் அனுப்ப மாட்டேன். கணக்கையும் நான் எதிர்பார்க்கும் கிரேடுக்கு ஒரு படி கீழே வைத்துத்தான் போடுகிறேன். ஒன்பதுக்குச் சற்று மேல் வந்தாலும் செலவு திரும்புமா? திரும்பாது என்றால் பெட்டி சீலோடு அப்படியே அலமாரியில் இருக்கட்டும்.

போன மாதம் அந்தச் சந்தைக்கு மறுபடி போனேன். அதே மேசை. கல்லூரியில் படிக்கிற வயதுப் பையன் ஒருவனிடம் அவர் போனைத் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார். நான் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். இன்னும் 6 என்றே இருந்தது. அது ரிப்போர்ட் பக்கமே இல்லை, அவர் எப்போதோ எடுத்து வைத்த ஸ்கிரீன்ஷாட். என் போனில் அதே பக்கத்தைத் திறந்து அந்தப் பையனிடம் கொடுத்தேன். 31 என்று இருந்தது. அவன் இரண்டு போனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பெட்டியை மேசையில் திரும்ப வைத்தான்.