சாய்ந்த நிலை, நிமிர்த்தும் ஸ்கெட்ச்: ஃப்ரீகேடோடு சில வருடங்கள்

காரைக்குடியில் ஒரு மரவேலைப் பட்டறைக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பது என் வேலை. 2021-இல் 0.19 பதிப்பு வந்தபோது ஃப்ரீகேட் என்ற இலவச வரைபட மென்பொருளைப் பிடித்தேன், இப்போது 1.0-இல் இருக்கிறேன். ஸ்கெட்ச்சரில், அதாவது அதன் கோடு வரையும் பகுதியில், என் நேரத்தை அதிகம் மிச்சப்படுத்தியதும், என்னை ஒருமுறை நன்றாகக் கவிழ்த்ததும் ஒரே டிக் பெட்டிதான்: ஆட்டோ கன்ஸ்ட்ரெயின்ட்ஸ். 'இந்தக் கோடு செங்குத்து', 'இந்த நீளம் இவ்வளவு' என்பது போன்ற கட்டுப்பாடுதான் கன்ஸ்ட்ரெயின்ட், சிலவற்றை ஆட்டோ தானே போட்டுவிடும்.

கோடு இழுக்கும்போது கர்சர் பக்கத்தில் சின்னக் குறி ஒன்று தோன்றும். அதைப் பார்க்காமல் கிளிக் செய்தால் அந்தக் கன்ஸ்ட்ரெயின்ட் விழுந்துவிடும். கோடு செங்குத்திலிருந்து 2 டிகிரிக்குள் சாய்ந்திருந்தால், நிமிர்ந்த கோடு என்றே முடிவு செய்துவிடும். புதிதாக வரைபவனுக்கு இது வரம். நூறு வருடம் நின்ற வீட்டை அளந்து வரைபவனுக்கு?

கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய வீட்டின் இரண்டாம் கட்டு ஜன்னல். தேக்கு நிலை அப்படியே இருக்கிறது, உள்ளே பொருந்தும் சட்டம் மட்டும் புதிதாக வேண்டும். அடியில் அகலம் 742 மி.மீ., மேலே 751, உயரம் 1180. அதாவது ஒரு பக்கம் அரை டிகிரிகூடச் சாயவில்லை. நான் வரைந்ததும் இரு பக்கமும் செங்குத்தாகிவிட்டன. மேல் அகலத்தைக் கொடுத்தேன், 'முரண்படும் கன்ஸ்ட்ரெயின்ட்கள்' என்று சிவப்பில் வந்தது. நியாயமாகச் செங்குத்தைத்தான் நீக்கியிருக்க வேண்டும். நானோ 751-ஐ நீக்கினேன். ஸ்கெட்ச் முழுக்கப் பச்சையானது, அதாவது எந்தக் கோடும் இனி அசையாது, எனக்கும் திருப்தி. தப்பு மென்பொருளுடையது இல்லை, என் அவசரம்தான்.

மரம் குடையும் ரூட்டர் இயந்திரம் வெட்டிய சட்டத்தை நிலையில் வைத்துப் பார்த்தார் ஆசாரி. மேலே சுண்டு விரல் நுழையும் இடைவெளி. “தம்பி, வீடு சாஞ்சு நிக்குது. உங்க கம்ப்யூட்டர் அதை நிமித்தி வச்சிருக்கு” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் இன்னும் உறைத்தது.

அப்புறம் பழைய வேலைக்கு வழியை மாற்றிக்கொண்டேன். ஆட்டோவை அணைத்துவிடுவேன். செவ்வகக் கருவியைத் தொடவே மாட்டேன், அது கிடையையும் செங்குத்தையும் தானே போட்டுவிடும். தொடர்கோடு போடும் பாலிலைன் கருவியில் நாலு கோடு இழுத்து மூடினால் மூலைகள் மட்டும் ஒட்டியிருக்கும். தனித்தனிக் கோடாக இருந்தால் 16 டிகிரி ஆஃப் ஃப்ரீடம் (இன்னும் கட்டப்படாமல் நகரக்கூடிய வழிகள்), மூலைகள் சேர்ந்ததும் 8. நாலு பக்க அளவும் மூலைக்கு மூலை ஒரு அளவும் கொடுத்தால் 3. அடிக்கோட்டைக் கிடையாக்கி ஒரு மூலையை வரைதளத்தின் ஆதிப்புள்ளியில் வைத்தால் பூஜ்யம். இப்போது வரும் பச்சை நிஜப் பச்சை. அடிக்கட்டை மட்டமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வெட்டும் மரத்தில் மாறப்போவது திசை மட்டும்தான். ஆசாரிகள் குறுக்கே நூல் பிடித்துப் பார்ப்பதும் இதே கணக்குத்தான், அவர்கள் அதற்குப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆத்தங்குடிக் கல் மாதிரிப் பூ வரைந்து கதவில் செதுக்கக் கேட்பவர்களுக்கு ஆட்டோ இல்லாமல் முடியாது. இதழ் வளைவுகளின் முனைகளை அது ஒட்டித் தரும் வேகம் கையால் வராது. அங்கேயும் ஒரு தொல்லை உண்டு: கூர்மையாக முடிய வேண்டிய இதழ் நுனியில் தொடுகோட்டுக் கன்ஸ்ட்ரெயின்ட் (இரு வளைவும் முறியாமல் வழுக்கிச் சேர வைப்பது) விழுந்து மழுங்கிவிடும். மிகையானவற்றைத் தவிர்க்கும் டிக்கைப் போட்டு வைத்தால் இரட்டைக் கன்ஸ்ட்ரெயின்ட் குறைகிறது, தொடுகோட்டை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் நீக்குகிறேன்.

ஃப்யூஷன், சாலிட்வொர்க்ஸ் என்ற வேறு இரண்டு வரைபட மென்பொருள்களில் கன்ட்ரோல் கீயை அழுத்தியபடி வரைந்தால் அந்தக் கோட்டுக்கு மட்டும் ஆட்டோ நிற்கும். எனக்கு அது பழகவில்லை. டிக்கை எடுப்பேன், வேலை முடிந்ததும் திரும்பப் போடுவேன், பாதி நாள் போட மறந்துவிடுவேன்.

வீணான அந்தச் சட்டம் பட்டறைச் சுவரில் இருக்கிறது. ஆசாரி அதில் மூலைமட்டத்தை மாட்டி வைத்திருக்கிறார்.