பச்சைத் திரைக்கு உலாவி முகம்: ஐபிஎம் ஹேட்ஸ் மென்பொருள் மதிப்புரை

1988 ஜூனில் ஐபிஎம் வெளியிட்ட ஏஎஸ்/400 கணினியின் வழிவந்த அமைப்புகள் வங்கி, காப்பீடு, மொத்த வணிகம், சரக்குக் கிடங்கு ஆகிய துறைகளில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் ஆர்பிஜி என்ற வணிக நிரல் மொழியில் பல ஆண்டுகளாக எழுதிச் சேர்த்த நிரல்களின் கணக்கில் பெரும்பாலும் குறை இருப்பதில்லை; புதிதாக வேலைக்குச் சேருபவரை மிரட்டுவது, 24 வரிகளும் வரிக்கு 80 எழுத்துகளும் கொண்ட, 5250 என்ற முனைய வகையின் பச்சை எழுத்துத் திரைதான். நிரலில் கை வைக்காமல் அந்தத் திரையை மட்டும் உலாவிக்குக் கொண்டுவருவதற்காக உருவானது, ஹோஸ்ட் ஆக்சஸ் டிரான்ஸ்ஃபர்மேஷன் சர்வீசஸ் என்ற, சுருக்கமாக ஹேட்ஸ் என்று அழைக்கப்படும் மென்பொருள்.

இது ஒரு செயலிச் சேவையகத்தில் அமர்ந்துகொண்டு, பழைய கணினியிடம் டெல்நெட் என்ற தொலை இணைப்பு முறை வழியாக இன்னொரு முனையத்தைப் போலவே பேசுகிறது. வந்து சேரும் திரையைப் படித்து, அடியில் உள்ள ‘எஃப்3=எக்ஸிட்’ போன்ற குறிப்புகளைப் பொத்தான்களாகவும், எண்ணிட்ட பட்டியல்களைச் சொடுக்கும் இணைப்புகளாகவும் தானே மாற்றித் தருகிறது. செயல்விளக்கக் கூட்டத்தில் மேலாளர்கள் மயங்குவது இந்தத் தானியங்கி மாற்றத்தைப் பார்த்துத்தான். ஆனால் இதோடு நிறுத்திக்கொள்வதற்காக ஹேட்ஸை வாங்குவது வீண் செலவு. நான்கு திரைகளைத் தாண்டிச் செய்த வேலை அப்போதும் நான்கு பக்கங்களைத் தாண்டியே நடக்கும். விரல் பழக்கத்தால் திரையைப் பார்க்காமலே தட்டிச் செல்லும் பழைய ஊழியருக்கோ வேகம் குறையும்.

ஹேட்ஸின் உண்மையான மதிப்பு மேக்ரோக்களிலும், அதாவது பதிவு செய்து தானே இயங்கவைக்கும் செயல் வரிசைகளிலும், பல திரைகளை ஒன்றாக்கும் திரை இணைப்பு வசதியிலும் இருக்கிறது. வாடிக்கையாளர் எண்ணை ஓரிடத்தில் கொடுத்தால், இடையிலுள்ள திரைகளை மேக்ரோ தானே கடந்து, தேவையான விவரங்களைத் திரட்டி ஒரே பக்கத்தில் வைத்துவிடும். ‘மோர்’ என்று பல பக்கங்களாக நீளும் பட்டியலை ஒரே அட்டவணையாகக் காட்டவும் முடியும். தேதிப் புலத்துக்கு நாட்காட்டியும், குறியீட்டுப் புலத்துக்குக் கீழ்விரி பட்டியலும் இணைத்துவிட்டால், ‘03’ என்றால் எந்தக் கிளை என்று மனப்பாடம் செய்யும் அவசியம் போய்விடுகிறது.

இவ்வளவுக்கும் அடிப்படை, எந்த இடத்தில் எந்த எழுத்து இருக்கிறது என்பதை வைத்துத் திரையை அடையாளம் காண்பதுதான் என்பதால், ஆர்பிஜி நிரலாளர் ஒரு தலைப்பை இரண்டு இடம் நகர்த்தினாலும் அந்த அடையாளம் தவறக்கூடும். அப்போது தனிப்பயன் பக்கம் போய்ப் பொதுத் தோற்றம் வரும். வேலை நின்றுவிடாமல் பார்த்துக்கொண்ட அந்த வடிவமைப்பை நான் பாராட்டுகிறேன். மற்றொரு சிக்கல் ஆட்களைப் பற்றியது. இதன் கருவிகள் எக்லிப்ஸ் என்ற நிரலாக்கச் சூழலையும் ஜாவா மொழியையும் சார்ந்தவை. ஆர்பிஜியில் ஊறிய குழுவுக்கு அது அயல் நிலம்.

மூல நிரல் கையிலிருந்து, அதைத் திருத்தத் தெரிந்தவர்களும் இருந்தால், 2010-இல் ஐபிஎம் அறிமுகப்படுத்திய ஆர்பிஜி ஓப்பன் ஆக்சஸ் வழியையே முதலில் பரிசீலிக்கச் சொல்வேன். அதில் நிரலே 5250 திரையை விட்டுவிட்டு வேறு இடைமுகத்தோடு நேரடியாகப் பேச முடியும். மூல நிரல் தொலைந்துபோன, அல்லது விற்ற நிறுவனமே மூடப்பட்டுவிட்ட பழைய மென்பொருளுக்கு அந்த வழி கிடையாது. அத்தகைய இடங்களில், அன்றாடம் அதிகம் புழங்கும் சில திரைகளை மட்டும் தேர்ந்தெடுத்து ஹேட்ஸில் செதுக்கி, மற்றவற்றைப் பச்சையாகவே விட்டுவைக்கலாம்.