கடைக்குள் போனதும் கட்: ட்ராவல் வீடியோ பார்த்து இங்கிலீஷ் பழகிய அனுபவம்

இங்கிலாந்தின் யார்க் நகரத்துப் பழைய தெரு ஒன்றில் ஒரு பேக்கரி. வீடியோ எடுக்கிறவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகிறார். கவுன்ட்டரில் நிற்கிற பெண் நிமிர்ந்து பார்த்து ஏதோ கேட்க வாயைத் திறக்கிறார். அவ்வளவுதான், கட். அடுத்த ஷாட்டில் இவர் ஆற்றங்கரை பெஞ்சில் உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்துத் தின்றுகொண்டே ‘ஸோ குட்’ என்கிறார்.

நடுவில் அந்தப் பெண் என்ன கேட்டார்? இவர் என்ன பதில் சொன்னார்? எனக்கு வேண்டியதே அந்த அரை நிமிஷம்தான். வருஷக்கணக்காக ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் இந்த வீடியோக்களைப் பார்த்து வருகிறேன். மற்ற குறைகளெல்லாம் பழகிவிட்டன. இது மட்டும் ஒவ்வொரு தடவையும் புதிதாக எரிச்சல் மூட்டுகிறது.

நான் திருப்பூரில் ஒரு ஆடை ஏற்றுமதி ஆபீஸில் மெர்ச்சண்டைசர், ஆர்டரை வாங்கியதிலிருந்து சரக்கு போய்ச் சேரும் வரை கவனிக்கிற வேலை. எங்களிடம் சரக்கு வாங்குகிற பையர்களில் இங்கிலாந்துக்காரர்கள் அதிகம். மெயில் இங்கிலீஷ் எனக்குத் தண்ணி பட்ட பாடு. துணியின் நிறத்தில் ஷேட் மாறிவிட்டது, ஜிஎஸ்எம் (துணியின் எடைக் கணக்கு) குறைகிறது, ஷிப்மென்ட் ஒரு வாரம் தள்ளிப்போகும் என்று எதையும் எழுதிவிடுவேன். அதே பையர் போனில் சாதாரணமாகப் பேச ஆரம்பித்தால்தான் சிரமம். அதற்காகத்தான் இந்தப் பக்கம் வந்தேன். போன வாரம் கூடப் படித்த நண்பன் ஒருவன் கூப்பிட்டு, “ஏப்பா, புள்ள செப்டம்பர்ல இங்கிலாந்துல லீட்ஸுக்குப் படிக்கப் போகுது. நீ பாக்கற வீடியோவ பாத்தாப் போதுமா, இல்ல ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ்ல சேத்தட்டுமா?” என்று கேட்டான். போனில் அவனிடம் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதி இங்கே.

கிடைத்ததைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். கெட் ஆஃப், செட் ஆஃப், பிக் அப், எண்ட் அப் என்று பள்ளிக்கூடத்தில் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தோம். பரீட்சையோடு அது போயிற்று. வீடியோவில் ஒருவர் ‘லெட்ஸ் செட் ஆஃப்’ என்னும்போதே பையைத் தோளில் மாட்டுகிறார். ‘பாப் இன்’ என்றபடியே கடைக்குள் தலையை நுழைக்கிறார். வழி தவறி எங்கேயோ வந்து நின்று ‘வி எண்டட் அப் ஹியர்’ என்கிறார். அதற்கப்புறம் அந்தச் சொல்லை மறக்க நினைத்தாலும் முடியாது. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வேலை பார்த்த மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர், 1953-ல் சுமார் 2,000 அடிப்படைச் சொற்களைப் பட்டியல் போட்டு வெளியிட்டார். இந்த வீடியோக்களில் புழங்குகிற பேச்சில் பெரும்பகுதி அந்த வட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடும். கெட், டேக், டர்ன், ரன் எல்லாம் நமக்கு ஆறாம் வகுப்பிலேயே தெரிந்தவை. பின்னால் வந்து ஒட்டிக்கொள்கிற அப், ஆஃப், அவுட்தான் ஆளைக் கவிழ்க்கும். அந்த இடத்தில் எனக்கு எந்தப் புத்தகமும் இவ்வளவு உதவியதில்லை.

லண்டன் வீடியோக்களில் ‘டேப் இன், டேப் அவுட்’ அப்படித்தான் பிடிபட்டது. பாதாள ரயிலில் ஏறும்போதும் இறங்கும்போதும் கட்டணக் கார்டை வாசல் கருவியில் தொட வேண்டும். வெளியே வரும்போது தொடாமல் விட்டால் அதிகபட்சக் கட்டணத்தைப் பிடித்துக்கொள்வார்கள். பஸ்ஸில் ஏறும்போது தொட்டால் போதும். 2014 முதல் அங்கே பஸ்ஸில் காசே வாங்குவதில்லை. சொல்லோடு ஊர் நடைமுறையும் சேர்ந்தே மண்டையில் ஏறுகிறது.

எனக்கு நிஜமான சந்தோஷம் கொடுத்தவை ரயில் வீடியோக்கள். ஜன்னலோரத்தில் கேமராவை வைத்துவிட்டு அதிகம் பேசாமல் வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்பீக்கரில் வருகிற அறிவிப்பு வெட்டப்படாமல் முழுசாகக் கிடைக்கும். எந்த ஸ்டேஷன், எங்கே மாற வேண்டும், சாமானை மறக்காதே என்று நிதானமான உச்சரிப்பில், ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் திரும்பத் திரும்ப வரும். லெஸ்டர் (Leicester), வுஸ்டர் (Worcester) போன்ற பெயர்களில் எழுத்துக்கும் உச்சரிப்புக்கும் உள்ள தூரம் எனக்கு விளங்கியது இப்படித்தான். 2016 முதல் பிரிட்டன் ரயில்களில் ‘சீ இட், சே இட், சார்ட்டட்’ என்று ஒரு அறிவிப்பு ஓடுகிறது. சந்தேகப்படும்படி ஏதாவது கண்ணில் பட்டால் சொல்லுங்கள், போலீஸ் பார்த்துக்கொள்ளும் என்று சேதி. தினமும் போய்வருகிற அந்த ஊர்க்காரர்கள் பலருக்கு அது காதில் விழுந்தாலே அலுப்பு. எனக்கோ அது பெரிய உபகாரம். லேபிள் பிரச்சினை ஒன்றில் பையர் போனில் ‘வி வில் கெட் தட் சார்ட்டட்’ என்றபோது, அவர் தரப்பில் முடித்துக் கொடுக்கிறார் என்று அந்த நொடியே புரிந்தது. அன்று முழுக்க மனசு நிறைவாக இருந்தது.

சின்னக் குறைகளும் உண்டு. ஒருவர் அமெரிக்கர், அடுத்தவர் ஸ்காட்லாந்துக்காரர். ஓட்டல் ரசீது ஸ்காட்லாந்துக்காரருக்கு ‘பில்’, அமெரிக்கருக்கு ‘செக்’. அமெரிக்கர் சொல்லும் ஃபர்ஸ்ட் ஃப்ளோர் நம் கணக்கில் தரைத்தளம். எதைப் பார்த்தாலும் அமேசிங், ஸ்டன்னிங் என்று இரண்டு மூன்று பாராட்டுச் சொற்களையே உருட்டுவார்கள். இதெல்லாம் போகட்டும்.

அந்தக் கவுன்ட்டருக்கு வருகிறேன். இங்கிலாந்தில் கடைக்குள் நுழைந்ததும் ‘யூ ஆல்ரைட் தேர்?’ என்று கேட்பார்கள். என்ன வேண்டும் என்று அர்த்தம். தெரியாத பிள்ளை, நம் முகத்தில் ஏதோ சரியில்லையோ என்று பயந்துபோகும். அடுத்தது ‘ஈட் இன் ஆர் டேக் அவே?’ அந்தக் கேள்விக்குப் பின்னால் வரி இருக்கிறது. ஆறிய சாண்ட்விச்சை வெளியே கொண்டுபோனால் வாட் வரி (நம் ஜிஎஸ்டி மாதிரி) கிடையாது, அதையே கடையில் உட்கார்ந்து சாப்பிட்டால் 20 சதவீதம். அப்புறம் ‘டூ யூ நீட் எ பேக்?’ இங்கிலாந்தில் 2015-ல் பெரிய கடைகள் பிளாஸ்டிக் பைக்கு 5 பென்ஸ் வாங்க ஆரம்பித்தன. 2021-ல் எல்லாக் கடைகளுக்கும் சேர்த்து 10 பென்ஸ் ஆயிற்று. அதனால் கேட்காமல் பை தருவதில்லை. ஓட்டலில் தண்ணீர் கேட்டால் ‘ஸ்டில் ஆர் ஸ்பார்க்ளிங்?’ என்பார்கள், சாதாத் தண்ணீரா, சோடா மாதிரி பொங்குவதா என்று. இலவசமாகக் குழாய்த் தண்ணீர் வேண்டுமென்றால் ‘டேப் வாட்டர்’ என்று கேட்கத் தெரிய வேண்டும். எல்லாமே நாலு சொல் கேள்விகள், மூச்சு விடாமல் வருகிறவை, பின்னால் க்யூ நிற்கும்போது பதில் சொல்ல வேண்டியவை. ஊருக்குப் புதிதாகப் போகிறவர்கள் முதல் நாளே மாட்டிக்கொள்வது இங்கேதான். ட்ராவல் வீடியோ விடாமல் வெட்டி எறிவதும் இதைத்தான்.

அவர்கள் பக்க நியாயமும் எனக்குத் தெரியும். கடைக்காரர் முகத்தை அனுமதி இல்லாமல் காட்டக் கூடாது. கடையில் ஓடுகிற பாட்டு வீடியோவில் விழுந்தால் பாட்டை அடையாளம் காண்கிற யூடியூப்பின் கான்டென்ட் ஐடி ஏற்பாடு அதைப் பிடித்துவிடும், விளம்பரக் காசு பாட்டுக் கம்பெனிக்குப் போய்விடலாம். வேடிக்கை பார்க்க வருகிறவருக்கு ரசீது வாங்குகிற காட்சி சலிப்பாகவும் இருக்கும். எல்லாம் சரி. அதற்காக அந்தக் குரலின் மேல் ஒரு கிட்டார் இசையை அள்ளிப் போட்டு மூடுவானேன்? வேகத்தை 0.75-க்குக் குறைத்து, தானியங்கி சப்டைட்டிலையும் போட்டுவிட்டு உட்கார்ந்தால், சரியாக அந்தக் கேள்வி வருகிற இடத்தில் அடைப்புக்குறிக்குள் ‘மியூசிக்’ என்று வருகிறது. முகத்தை மறைத்துவிட்டுக் குரலை மட்டுமாவது விடலாமே!

நண்பனிடம், புள்ளையைக் கிளாஸில் சேர்த்துவிடு என்றுதான் சொன்னேன். ஆனால் சேர்ப்பதற்கு முன்னால் போய்ப் பார், எதிரில் ஒருவரை நிறுத்திக் கேள்வி கேட்டு, உடனே பதில் சொல்ல வைக்கிறார்களா என்று விசாரி, கிராமர் மட்டும் நடத்துகிற இடம் வேண்டாம் என்றேன். ரயில் வீடியோக்களை அவள் கிளம்புகிற வரைக்கும் தினம் ஒன்று பார்க்கட்டும். ஊர் சுற்றிக் காட்டுகிற வீடியோக்களுக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. நேற்று ஒரு நல்ல மீன் மார்க்கெட் வீடியோவில், விலை கேட்கிற இடத்தில் வெட்டிவிட்டார்கள். இல்லையென்றால் மூன்று போட்டிருப்பேன்.